விருந்தாளிச் சதுரங்கம்

மாற்றுச் சதுரங்கப் பேரவை என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? நாலு மாடிக் கட்டடம், மாடிக்கு ஒரு துணைத் தலைவர், ஆளுக்கு ஒரு சுழல் நாற்காலி. சாதாரண சதுரங்கத்தில் ஒரு காயைக் கூட்டினாலோ ஒரு வரிசையைக் குறைத்தாலோ புதிதாக ஒரு ஆட்டம் பிறக்கும் அல்லவா, அப்படிப் பிறந்த நூற்றுப் பதின்மூன்று ஆட்டங்களுக்கு அந்தப் பேரவை அங்கீகாரம் கொடுத்து, எண் போட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறது. வருஷத்துக்கு இருபது போட்டி நடத்துகிறது. ஆட வருகிறவர்களில் ஒருத்தருக்காவது ஆட்டத்தின் விதி தெரியுமா என்றால், அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி.

இந்த விவரம் எதுவும் தெரியாமல்தான் லிஃப்ட்காரர் அங்கே போய் மாட்டிக்கொண்டார்.

அவருக்கு வேலை லிஃப்ட் ரிப்பேர். முப்பது வருஷமாக மோட்டார் ரூமுக்கும் லிஃப்ட் பள்ளத்துக்குமாக ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவர். மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. அவள் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவளாக இருந்தாள். இருநூறு பஸ்ஸை ஒன்றோடொன்று முட்டாமல் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுகிற மூளை அது. வீட்டுக்கு வந்தாலும் அந்த மூளை சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேஜையில் சதுரங்கப் பலகையை விரித்து, உப்பு டப்பா மூடி ஒன்றைக் கூடுதல் காயாக வெளியே வைத்து, நோட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இரண்டு வருஷம் ஒரு புது ஆட்டத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு ஆட்டம் வாங்களேன். எதிர்ல ஆள் இல்லாம இது சரியா வருதான்னே தெரிய மாட்டேங்குது."

"இன்னிக்கு ஏழு லிஃப்ட் பாத்துட்டு வந்திருக்கேன்மா. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாதம் ஆயிற்று. கெட்ட மனுஷன் இல்லை அவர். அவள் காய்ச்சல் என்று படுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவள் செருப்பு அறுந்தால் சொல்லாமலே தைத்துக்கொண்டு வருவார். இந்த ஒன்றுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. ஒரு நாள் அவளுக்குத் தலைவலி வந்தது. மாத்திரை போட்டாள். மூன்றே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டாம் மாதம் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பேரவையின் முத்திரை, கீழே நாலு கையெழுத்து. 'கண்டுபிடிப்பாளர் அவர்களுக்கு. தாங்கள் சமர்ப்பித்த விருந்தாளிச் சதுரங்கம், வகை எண் 113, அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. அதன் முதல் போட்டிக்குத் தவறாது வருகை தரவும்.' லிஃப்ட்காரர் வாசலிலேயே நின்று படித்தார். அந்த ஆட்டத்துக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"உங்க அக்கா அந்த நோட்டை எங்க வெச்சான்னு தெரியுமாம்மா? வீடு பூரா தேடிட்டேன்."

"அதைத்தான் மாமா அந்தப் பேரவைக்கு அனுப்பிட்டா. பிரதி கூட எடுத்துக்கல."

"அந்த ஆட்டம் எப்படி ஆடணும்னு உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"என்னைக் கேட்டா? அந்த மேஜையில தினமும் உக்காந்து சாப்பிட்டவர் நீங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சும்மா வாயில வந்துடுச்சு மாமா. மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னே."

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பேரவைக்குப் போனார். பதிவு மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஆட்டத்தோட விதியை ஒரு தடவை பாக்கணும்மா."

"நீங்க ஆட்டக்காரரா?"

"இல்ல. இதைக் கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி. அவ இப்ப இல்ல, தவறிட்டா."

"அதுக்கு வேற படிவம், மூணாவது மாடி. நீங்க ஆட்டக்காரரா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப காட்ட முடியாது."

"ஆட்டக்காரரா சேந்துட்டா காட்டுவீங்களா?"

"சேரும்போதே 'விதிகள் அனைத்தையும் அறிவேன்'னு கையெழுத்துப் போடணும். அறிஞ்சவருக்கு எதுக்குக் காட்டணும்?"

"அப்ப, தெரியாதுன்னு சொன்னா?"

"தெரியாதவங்களைச் சேத்துக்க மாட்டோம்."

லிஃப்ட்காரருக்குத் தலை சுற்றியது. "அப்ப யாருதாம்மா அதைப் பாக்க முடியும்?"

"ஜெயிக்கறவர். சாம்பியன் கோப்புல கையெழுத்துப் போடணும், அதுக்காகத் திறப்போம்."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு விதிகள் அனைத்தையும் அறிவேன் என்று கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் தெரிந்தே போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது.

போட்டி நாள் காலையில் மண்டபத்தில் அறுபத்து நாலு பேர். சுவரோரமாக வட்டமாக முப்பத்திரண்டு மேஜை. ஒவ்வொரு பலகைக்கும் வெளியே இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்றாக ஒரு மரக்காய் நின்றது. பேரவை ஒரு உபகுழு போட்டு, பதினாறு கூட்டம் கூடி வடிவமைத்த விருந்தாளி. பார்க்கக் கதவுக் குமிழ் மாதிரி இருந்தது. எல்லாரும் அதைப் பிறந்ததிலிருந்து பழகியவர்கள் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் பார்க்காதபோது இன்னொரு தடவை பார்த்தார்கள்.

தலைவர் மேடை ஏறினார்.

"அன்பார்ந்த வீரர்களே! நூற்றுப் பதின்மூன்று வகைகளை வளர்த்தெடுத்த பெருமை நம் பேரவைக்கு உண்டு. இதில் எத்தனை வகை உங்களுக்கு ஆடத் தெரியும் என்று ஒரு பத்திரிகையாளர் என்னைக் கேட்டார். ஒன்றுகூடத் தெரியாது என்று தலைநிமிர்ந்து சொன்னேன்! ஒரு ஆட்டம் தெரிந்துவிட்டால் அதன்மேல் பிரியம் வந்துவிடும், பிரியம் வந்தால் பாரபட்சம் வந்துவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நாற்காலியில் நான் நடுநிலையோடு உட்கார்ந்திருப்பதன் ரகசியம் அதுதான்."

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. அடுத்து தலைமை நடுவர் ஒலிபெருக்கியை வாங்கி, "விதி பற்றி நடுவரிடம் சந்தேகம் கேட்பவர் தோற்றவராகக் கருதப்படுவார். ஏனென்றால், அறிவேன் என்று அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மணி அடித்தார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் கட்டுக்கதை என்பீர்கள். இரண்டாம் மேஜைக்காரர்கள் ஓரக்கண்ணால் முதல் மேஜையைப் பார்த்து, அங்கே எந்தக் காய் நகர்ந்ததோ அதையே நகர்த்தினார்கள். மூன்றாம் மேஜை இரண்டைப் பார்த்தது, நாலு மூன்றைப் பார்த்தது. இப்படியே வட்டம் சுற்றிக் கடைசி மேஜைக்குப் போயிற்று. முதல் மேஜை கடைசி மேஜையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மேஜையில் ஒருவர் தும்மி, கை பட்டு அவருடைய குதிரை கீழே விழுந்தது. கால் மணி நேரத்துக்குள் மண்டபம் முழுக்கக் குதிரைகள் விழுந்தன. தலைமை நடுவர் குனிந்து, "முற்போக்கான ஆட்டம்" என்று குறிப்பு எழுதிக்கொண்டார்.

லிஃப்ட்காரருக்குக் கிடைத்தது பதினேழாம் மேஜை. அது ஒரு தடித்த தூணுக்குப் பின்னால், அந்த வட்டத்திலிருந்து விலகி இருந்தது. இடது பக்கம் தூண், வலது பக்கம் சுவர், அங்கிருந்து ஒரு ஈ கூடக் கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஜெயித்தவர் நாற்காலியை விட்டு நகரக் கூடாது, அடுத்து ஜெயித்தவர்தான் தேடி வரவேண்டும் என்பது பேரவை வழக்கம்.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். உட்கார்ந்ததும் இடது பக்கம் எட்டிப் பார்த்தார், தூண். வலது பக்கம் பார்த்தார், சுவர். முகம் வெளிறிவிட்டது.

லிஃப்ட்காரர் விருந்தாளியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? இது என்ன பண்ணும்?"

"எ... என்ன பண்ணும்னா?"

"இதோட வேலை என்ன? எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் வந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்களேன், புண்ணியமாப் போகும்."

அந்தக் கெஞ்சலில் பொய் இல்லை. ஆனால் பொய்யே இல்லாத பேச்சை அந்த மண்டபத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்? எல்லாம் தெரிந்த பெரிய கை ஒன்று தன்னை ஆழம் பார்க்கிறது என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். "நான் தோத்துட்டேன் சார். வெளியில மட்டும் சொல்லிடாதீங்க. கிளினிக்ல பதினோரு கோப்பை வெச்சிருக்கேன், அதைப் பாத்துட்டுத்தான் பேஷண்ட் எல்லாம் தைரியமா வாயைத் திறக்கறாங்க" என்று கைகூப்பிவிட்டு எழுந்து ஓடினார்.

"டாக்டர், ஜெயிக்கறதுக்காக நான் கேக்கல!" என்று லிஃப்ட்காரர் கூப்பிட்டது தூணில் பட்டுத் திரும்பியது.

இரண்டாவது வந்தவர் ஒரு தலைமையாசிரியை. கேள்வியைக் கேட்டதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேள்வி கேக்கறது என் வேலை. முப்பது வருஷமா யாரும் என்னை எதுவும் கேட்டதில்ல. பாடத்துல இல்லாததைக் கேட்டா நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று விடுவிடுவென்று தாளில் தோல்வி என்று எழுதி, கீழே சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது ஆள் நாற்பது போட்டி கண்டவர், 'மகாராஜா' என்பது பட்டப்பெயர். அவர் அவ்வளவு சீக்கிரம் அசரவில்லை. "விருந்தாளி என்ன பண்ணும்னா கேக்கறீங்க? இதோ, இப்படித்தான் பண்ணும்" என்று அதை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

லிஃப்ட்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? பைக்குள்ள போட்டுக்கணுமா? அப்புறம்? அவ ஏன் அப்படி வெச்சான்னு ஏதாவது போட்டிருக்கா?"

மகாராஜாவுக்கு அப்புறம் என்ன என்று தெரியவில்லை. நாற்காலியைச் சத்தமாகப் பின்னுக்குத் தள்ளினார். சத்தம் கேட்டு நடுவர் வந்து பையை எட்டிப் பார்த்தார். "விருந்தாளி பையில் இருப்பது விதிக்கு முரண் என்று நான் சொல்ல மாட்டேன். முரண் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் எனக்கு விதி தெரியும் என்று ஆகிவிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நடுவரே ஒன்றும் சொல்லவில்லை என்ற செய்தி வட்டம் சுற்றியது, அடுத்த பத்து நிமிஷத்தில் பாக்கி இருந்த எல்லா ஆட்டக்காரர்களின் சட்டைப் பையும் புடைத்துக்கொண்டிருந்தது. மகாராஜா மட்டும் பையிலிருந்து காயை எடுத்து மேஜையில் வைத்து, "உங்க கண்ணைப் பாத்தா பொய் சொல்ல வரமாட்டேங்குது. எனக்குத் தெரியாது, விட்டுடுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

விதி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்திருக்கிறாராம், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாராம் என்று மண்டபம் முழுக்கக் கிசுகிசு. நாலாவது ஆள் உட்காரும்போதே தோல்வியை எழுதினார். ஐந்தாவது ஆள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை உயர்த்தினார். இறுதிச் சுற்றுக்கு வரவேண்டியவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆறு சுற்று. ஆறு வெற்றி. ஒரு சிப்பாய் கூட நகரவில்லை. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். இரண்டு வருஷம் ஒருத்தி தன் எதிரில் உட்கார்ந்து செய்ததை, ஊர் பேர் தெரியாதவர்களிடம் பிச்சை கேட்கிற மாதிரி கேட்டும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கியது. போட்டோவில் பார்த்தால் சாம்பியன் ஆனந்தக் கண்ணீர் விடுவது போலத்தான் இருக்கும்.

தலைவர் அறையில் செயலாளர் பீரோவைத் திறந்து வகை எண் 113-இன் கோப்பினை எடுத்து மேஜையில் வைத்தார். டிப்போவில் கொடுக்கும் நீல அட்டை நோட்டு. அவள் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பஸ் நேரம் போல இடைவெளி விட்டு நின்றது. லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

'விருந்தாளி பலகைக்கு வெளியே நிற்கும். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை உள்ளே வரலாம். தானாக வரக் கூடாது. எதிரில் இருப்பவர் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒரு லாபமும் இல்லை. கூப்பிடத் தோன்றினால் கூப்பிடலாம்.'

அவ்வளவுதான் விதி. அவர் அதை மூன்று தடவை படித்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. ரெண்டு பேர் சேந்து பத்து ஆட்டமாவது ஆடியிருந்தாத்தான் ஒரு வகைக்கு அங்கீகாரம் உண்டு. அதுக்கான தாளெல்லாம் பின்னாடி இருக்கு. ரெண்டாம் ஆட்டக்காரர்னு போட்டிருக்கறது கணவர். அது நீங்கதானே?"

பத்துத் தாள். இடது பத்தியில் 'நான்', வலது பத்தியில் 'அவர்'. ஒவ்வொரு தாளிலும் ஏதோ ஒரு இடத்தில் அவர் பத்தியில் எழுதியிருந்தாள்: 'அவர் கூப்பிட்டார். விருந்தாளி உள்ளே வந்தது.' ஒன்பதாவது நகர்த்தலில் ஒரு தடவை, பதினாலாவதில் ஒரு தடவை. ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு வேறு. 'இன்று நன்றாக யோசித்து ஆடினார்.' 'இன்று அவருக்குக் கை வலி. அவர் காய்களையும் நான்தான் நகர்த்தினேன்.' ஐந்தாம் தாளின் தேதியைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை, வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். 'நான் தோற்றேன். பரவாயில்லை, அவர் சிரித்தார்' என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது.

ஒவ்வொரு தாளின் அடியிலும் அவருடைய கையெழுத்து. சர்வீஸ் கார்டுகளைப் பார்த்துப் பழகியிருப்பாள் போலிருக்கிறது. அவர் அடியில் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். அவளுக்கு அழுத்தம் வரவில்லை.

"நீங்க சேரும்போது போட்ட கையெழுத்துக்கும் இதுக்கும் கீழ்க்கோடு கொஞ்சம் மாறுதே" என்றார் செயலாளர். "இது உங்க கையெழுத்துதானா?"

"இல்லன்னா என்ன ஆகும்?"

"பொய் ஆவணம்னு ஆயிடும். வகை ரத்து. இந்த நோட்டு கழிவுத்தாள்ல போயிடும்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என் கையெழுத்துதான்."

"பத்து ஆட்டமும் ஆடினீங்களா?"

"ஆடினேன்."

"யார் ஜெயிச்சது?"

அவர் தாள்களைப் பார்த்தார். "ஆறு நான், நாலு அவ." தாள்களை மெல்ல அடுக்கினார். "அவ எனக்கு விட்டுக் குடுத்திருக்கா சார்."

அதுவரை சும்மா இருந்த தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "பத்து ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள்! அப்படியென்றால் உங்களுக்கு விதி தெரியும்! அறுபத்து மூன்று அப்பாவிகள் ஒன்றும் தெரியாமல் நேர்மையாகப் போட்டியிட்ட இடத்தில், எல்லாம் தெரிந்த ஒருவர் தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்தால் அதற்குப் பெயர் விளையாட்டா? அறியாமையில் அனைவரும் சமம் என்பது இந்தப் பேரவையின் உயிர்நாடி. அதைக் குத்திவிட்டீர்கள். பட்டம் பறிக்கப்படுகிறது. ஆயுள் முழுக்கத் தடை. அந்த நோட்டை இனி நீங்கள் தொடக் கூடாது."

"வகை ரத்து ஆகாதே?" என்று மட்டும் கேட்டார் லிஃப்ட்காரர்.

"வகை எங்கே போகும்? அது பீரோவில் பத்திரமாக இருக்கும்."

அவர் மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். செயலாளர் கோப்பை மூடப் போனவர், கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாளைப் பிரித்து எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார். பதினோராவது ஒண்ணு பாதியில நிக்குது. பாதித் தாளைக் கோப்புல வைக்க முடியாது, தணிக்கையில கேப்பாங்க."

தலைவலி ஆரம்பித்த வாரத்துத் தேதி போட்டிருந்தது. இடது பத்தியில் எட்டு நகர்த்தல், வலது பத்தியில் ஏழு. எட்டாவது வரியில் அவள் பக்கம் முடிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணி, 'இனி அவர் முறை' என்று எழுதி நிறுத்தியிருந்தாள். மற்ற பத்துத் தாளிலும் அவருக்காக அவளே ஆடியிருந்தாள். இதில் மட்டும் இடத்தை விட்டு வைத்திருந்தாள்.

"நீங்கதான் அடுத்தது ஆடணும்" என்றார் செயலாளர். "ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. இல்லன்னா 'கைவிடப்பட்டது'ன்னு முத்திரை குத்திடறேன்." முத்திரையை ஏற்கெனவே மையில் ஒற்றி வைத்திருந்தார்.

"குத்தாதீங்க" என்றார் லிஃப்ட்காரர் அவசரமாக.

பேனாவை வாங்கினார். எந்தக் காய் எங்கே நிற்கிறது என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. காலியாக இருந்த அந்தக் கட்டத்தில், அந்தப் பத்துத் தாளிலும் இல்லாத அழுத்தத்தோடு, 'வா' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தாளை நகர்த்த மனசில்லாமல் அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் மெல்லத் தாளை உருவி, விதியோடு ஒத்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தி. "சரி, கூப்பிட்டுட்டீங்க. இனி அவங்க முறை. ஆட்டம் நடப்பில் உள்ளதுன்னு போட்டுக்கறேன். அவங்க எப்ப வருவாங்க?"

எட்டு மாதமாக யார் முன்னாலும் வாய்விட்டு அழாத மனுஷன், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செயலாளர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு தாளின் ஓரத்தில், 'தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதிக் கோப்பைக் கட்டினார்.